எந்த அறிவியல் புனைகதைப் படத்தைக் கறுப்பு வெள்ளை நுவாராக மாற்றலாம்? நான்கு படங்கள், ஓர் ஒப்பீடு

நவீன அறிவியல் புனைகதைப் படம் ஒன்றை எடுத்து, நிறத்தை நீக்கி, மறுபடி வெட்டி ஒட்டி, 1940களில் வந்த நுவார், அதாவது நிழல் மிகுந்த இருண்ட குற்றப் படம்போல ஆக்கிப் பார்க்கும் ஆசை எடிட்டிங் பழகும் பலருக்கு வருகிறது. நல்ல ஆசை. ஒளியையும் வெட்டையும் இவ்வளவு சீக்கிரம் கற்றுத்தரும் பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் பலர் முதல் படியிலேயே நின்றுவிடுகிறார்கள்: எந்தப் படத்தை எடுப்பது? ஒருவர் 'பிளேட் ரன்னர்' என்பார், இன்னொருவர் 'டார்க் சிட்டி' என்பார். இரண்டையும் மென்பொருளில் ஏற்றி, நிறத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கி, சாம்பல் பூசியதுபோல் வந்ததைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

பெரிய இயக்குநர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். ஜார்ஜ் மில்லர் 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்தின் கறுப்பு வெள்ளை வடிவத்தை 2016இல் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஜேம்ஸ் மேன்கோல்ட் 'லோகன் நுவார்' தந்தார். அதற்காக ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியாக மறுபடி கிரேடிங் (ஒளியையும் நிறத்தையும் சரிசெய்யும் வேலை) செய்தார்கள். ராபர்ட் லாங்கோவின் 'ஜானி நெமானிக்' 1995இல் வண்ணத்தில் வந்த படம். 2022இல் அதன் கறுப்பு வெள்ளை வடிவம் ப்ளூ-ரேயில் வெளியானது. இவர்கள் மூவரும் தாங்களே இயக்கிய படத்தை எடுத்துக்கொண்டார்கள். உங்களிடம் இருக்கப்போவது கடையில் வாங்கிய ஒரு டிஸ்க். நம் நிலைக்கு நெருக்கமானவர் ஸ்டீவன் சோடர்பெர்க். வேறொருவர் எடுத்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்தின் நிறத்தையும் வசனத்தையும் நீக்கி, வேறு இசையை வைத்து, காட்சி அமைப்பைப் படிப்பதற்கான பாடமாக 2014இல் முன்வைத்தார்.

நான் எடுத்துக்கொள்ளும் நான்கு படங்கள்: 'பிளேட் ரன்னர்' (1982), 'கட்டகா' (1997), 'டார்க் சிட்டி' (1998), 'மைனாரிட்டி ரிப்போர்ட்' (2002). நான்கிலும் ஒரு குற்றமும் ஒரு துப்பறிவாளரும் உண்டு. மற்றபடி ஒன்றுக்கொன்று வெகு தூரம்.

## எதை வைத்து எடைபோடுவது

கதை. தொப்பி, சிகரெட் புகை, நனைந்த தெரு எல்லாம் பிறகு வருபவை. முதலில் ஒருவன் மாட்டிக்கொள்ள வேண்டும். தப்பிக்க அவன் எடுக்கும் ஒவ்வோர் அடியும் அவனை இன்னும் இறுக்க வேண்டும். 'டபுள் இன்டெம்னிட்டி' (1944), 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்' (1947) இரண்டும் இந்த இறுக்கத்தில்தான் நிற்கின்றன. உங்கள் படத்தில் இது இல்லையென்றால் எந்த கிரேடிங்கும் அதைக் கொண்டுவராது.

நிறம் போன பின் மிஞ்சும் ஒளி. பெரும்பாலான முயற்சிகள் விழுவது இங்கேதான். வண்ணப் படத்தில் முகத்தையும் சுவரையும் பிரித்துக் காட்டுவது பல நேரம் நிற வேறுபாடு மட்டுமே. பிரகாசம் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும். நிறத்தை எடுத்ததும் முகம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஹெச்டி வீடியோவின் பிரகாசக் கணக்கில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. கண்ணைப் பறிக்கும் நீல நியான் பலகை, நிறத்தை அணைத்ததும் ஏறக்குறைய கறுப்பாகிவிடுவது இதனால்தான்.

சரி, நிறத்தை ஒரேயடியாக அணைக்காமல் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களை வேறு விகிதத்தில் கலக்கலாமே என்று தோன்றும். கலக்கலாம், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் ஆர்ஜிபி மிக்சரில் அதற்கென்றே மோனோக்ரோம் தேர்வு இருக்கிறது. ஆனால் ப்ளூ-ரே டிஸ்க்கில் பிரகாசம் 1920×1080 புள்ளிகளில் பதிவானாலும், நிறத் தகவல் 960×540இல்தான் பதிவாகிறது, அதுவும் 8 பிட்டில். சிவப்பை மட்டும் தூக்கிப் பிடித்தால் முகத்தின் ஓரங்களில் கட்டம் கட்டமாகத் தெரியும், வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஆகவே, பிரகாசத் தடத்தை மட்டும் வைத்தே முக்கால்வாசி நிற்கக்கூடிய படம்தான் நமக்கு வேண்டும். கலப்பை மீதிக் கால்வாசிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பழைய நுவாரின் நிழல்கள் கத்தியால் வெட்டியதுபோல் இருப்பதற்குக் காரணம் கடினமான ஒற்றை விளக்கு. இன்றைய படங்கள் பலவும் பரந்த மென்மையான ஒளியில் எடுக்கப்படுகின்றன. மென்மையான நிழலின் விளிம்பைப் பின்னால் உட்கார்ந்து கூர்மையாக்க முடியாது. கண்ணைப் பழக்கிக்கொள்ளத் தமிழிலேயே நல்ல பாடம் இருக்கிறது: எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' (1954). பாட்டே இல்லாத அந்தப் படத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். எந்த விளக்கு எங்கே நிற்கிறது என்று ஊகித்துக்கொண்டே பாருங்கள்.

நிறமே சொல்லும் கதை. 'தி மேட்ரிக்ஸ்' (1999) படத்தை நான் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் இது. மாய உலகம் பச்சை, நிஜ உலகம் நீலம், நடுவில் ஒரு சிவப்பு மாத்திரையும் நீல மாத்திரையும். நிறத்தை எடுத்தால் பார்ப்பவருக்கு வழி தெரியாது. 'எக்ஸ் மெஷினா'வும் அப்படியே: மின்சாரம் போகும்போது அறை சிவப்பாவதில்தான் அந்தக் காட்சிகளின் நடுக்கம் இருக்கிறது.

வெட்டின் வேகம். நீளமான ஷாட்டைச் சுருக்கலாம். இரண்டு விநாடியில் முடிந்த ஷாட்டை ஐந்து விநாடிக்கு நிறுத்த முடியாது. அந்த மூன்று விநாடி டிஸ்க்கில் இல்லை.

ஒலி. டிகாக்ஷன் கலந்த பாலைத் திரும்பப் பிரிக்க முடியாததுபோல, வசனத்தின் மேல் கலந்துவிட்ட இசையை முழுசாகப் பிரிக்க முடியாது. ஆறு ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாக ஒலி தரும் 5.1 ஒலித்தடத்தில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் இருக்கும், அதுவரை நல்லது. அதிலும் இசையும் சத்தங்களும் கசிந்திருக்கும். குரலைப் பிரிக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாக வேலை செய்கின்றன, என்றாலும் மழை, காலடி, கதவுச் சத்தம் எல்லாம் இசையோடு சேர்ந்து போய்விடும். அவற்றை நீங்களே மறுபடி பதிவு செய்து சேர்க்க வேண்டியிருக்கும். ஆகவே படத்தின் இசையை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா என்பதுதான் உண்மையான கேள்வி. வேலை வாரங்களா மாதங்களா என்பதை முடிவு செய்வது இதுவே.

ஃப்ரேம். அகலத்திரைப் படத்தின் 2.39 விகிதத்தை 1940களின் 1.37க்கு வெட்டினால் கையில் மிஞ்சுவது அகலத்தில் 57 சதவீதம். இதைப் பின்னால் தனியாகப் பேசுகிறேன்.

## பிளேட் ரன்னர்: எல்லாமே ஏற்கெனவே இருக்கிறது

ஒளியைப் பொறுத்தவரை இதற்குப் போட்டியே இல்லை. ஒளிப்பதிவாளர் ஜோர்டன் க்ரோனன்வெத்தும் ரிட்லி ஸ்காட்டும் 'சிட்டிசன் கேன்' (1941) படத்தின் மாறுபட்ட ஒளி நிழலை மனதில் வைத்தே இதை எடுத்தார்கள். பின்னாலிருந்து அடிக்கும் விளக்கு, புகை, ஜன்னல் வழியே வெட்டிச் செல்லும் ஒளிக்கற்றை எல்லாம் பிரகாசத்தில் எழுதப்பட்டவை. கதாநாயகி ரேச்சல் சிகரெட் பிடிக்கும் காட்சியில் எதையும் தொட வேண்டியதில்லை. இறுதி மோதல் நடக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் பிராட்பரி கட்டடம் 'டி.ஓ.ஏ.' (1950) என்ற அசல் நுவாரிலும் வந்த இடம்.

இன்னொரு வரமும் உண்டு. 1982இல் திரையரங்குகளில் வந்த வடிவத்தில் நாயகன் ஹாரிசன் ஃபோர்டின் பின்னணிக் குரல் இருக்கிறது. 1992 வடிவம் அதை நீக்கியது. மலைப்பாதையில் காரில் போகும் சந்தோஷ முடிவையும் நீக்கியது. 2007இல் வந்த பெட்டியில் ஐந்து வடிவங்கள் சேர்ந்தே கிடைக்கின்றன. ஆக, பின்னணிக் குரலை 1982இலிருந்தும், லிஃப்ட் கதவு மூடுவதோடு நிற்கும் முடிவை 2007இல் வந்த இறுதி வடிவத்திலிருந்தும் எடுக்கலாம். வண்ணத்தில் இப்படி ஒட்டினால் இரண்டு வடிவங்களின் நிறச்சாயலும் வேறு வேறாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் அந்த ஒட்டு பெருமளவு மறைந்துவிடும்; கறுப்பின் ஆழத்தை மட்டும் சமன் செய்தால் போதும்.

செலவு எங்கே? வாங்கெலிசின் சின்தசைசர் இசையில். அது இசையா, நகரத்தின் சத்தமா என்று பிரிக்க முடியாதபடி படத்தோடு ஊறியிருக்கிறது. 1946இல் அப்படி ஒரு சத்தமே கிடையாது. அதை வைத்துக்கொண்டால் கண் பழைய காலத்திலும் காது 1982இலும் இருக்கும். எடுத்தால் ஒலியை அடியிலிருந்து கட்ட வேண்டும். பின்னணிக் குரலும் இந்த இசையின் மேல்தான் கலந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய தயக்கம் ஒன்று எனக்கு உண்டு. இந்தப் படத்தை நுவார் என்று எல்லோரும் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மாற்றி முடித்த பின் பார்ப்பவர் புதிதாக எதைக் கண்டுகொள்வார்? அழகான ஷாட்கள் இன்னும் அழகாகத் தெரியும். படத்தைப் பற்றி அவர் நினைப்பது மாறாது.

இது யாருக்குச் சரி: கிரேடிங் மட்டும் பழக விரும்புபவருக்கு. மூன்று நான்கு காட்சிகளை எடுத்து வேலை செய்யுங்கள். முழுப் படம் வேண்டாம்.

## டார்க் சிட்டி: கதை பொருந்தும், வெட்டு பொருந்தாது

ஹோட்டல் குளியலறையில் ஒருவன் கண் விழிக்கிறான். தான் யார் என்று அவனுக்கு நினைவில்லை. பக்கத்தில் கொலையான ஒரு பெண். அவனைத் தேடி ஓர் இன்ஸ்பெக்டர் வருகிறார், இரவு விடுதியில் பாடும் மனைவி ஒருத்தி இருக்கிறாள், ஊரில் எப்போதும் இரவு. அலெக்ஸ் ப்ரோயஸ் இந்தப் படத்தை 1940களின் உடைகளோடும் கார்களோடுமே எடுத்திருக்கிறார். கதைக்கு நூற்றுக்கு நூறு தரலாம்.

எந்தப் பிரதியிலிருந்து தொடங்குவது என்பதில் மட்டும் தடுமாற வேண்டாம். 1998 வடிவம் முதல் நிமிடத்திலேயே பின்னணிக் குரலில் முழு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறது. 2008இல் வந்த இயக்குநர் வடிவத்தில் அது இல்லை. அதைத்தான் வாங்க வேண்டும்.

டாரியுஸ் வோல்ஸ்கியின் ஒளிப்பதிவு இருட்டானது, ஆனால் அந்த இருட்டுக்கு நிறம் உண்டு: ஒருபுறம் பச்சை, ஒருபுறம் பழுப்பு மஞ்சள். இரண்டும் ஒரே அளவு மங்கல். நிறம் போனதும் கோட்டும் சுவரும் ஒன்றாகிவிடும் ஷாட்கள் நிறைய. ஒவ்வொன்றிலும் முகத்தைச் சுற்றி மறைப்பு வரைந்து தூக்கிவிட வேண்டும். பொறுமை இருந்தால் முடியும்.

முடியாதது வேகம். இந்தப் படத்தில் ஒரு ஷாட் சராசரியாக இரண்டு விநாடிகூட நிற்பதில்லை. நுவாரில் ஒருவர் அறைக்குள் வருவார், விளக்கைப் போடுவார், ஜன்னலருகே போவார், கேமரா அவரோடு மெதுவாகப் போகும். அந்த நிதானத்தில்தான் பயம் வளரும். இங்கே அப்படி நிதானிக்க ஷாட்களே இல்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டினால் அசைவு குழைந்துபோகும். போதாததற்கு, ட்ரெவர் ஜோன்ஸின் இசை பெரும்பகுதி நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மனதின் சக்தியால் இருவர் ஆகாயத்தில் மோதிக்கொள்ளும் பகுதியை நுவாருக்குள் எப்படி வைத்தாலும் துருத்தும். அதை வெட்டலாம், ஆனால் வெட்டினால் முடிவுக்குப் போகும் பாலமும் போகும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படம் முழுக்க எல்லோரும் பேசும் ஷெல் பீச் என்ற கடற்கரை, கடைசியில் வெளிச்சமாக வருகிறது. அந்தக் கணம் நிறத்தை நம்பியிருப்பதுபோலத் தோன்றும். கறுப்பு வெள்ளையில் பார்த்தால் அப்படி இல்லை. அவ்வளவு நேரம் கறுப்பிலேயே இருந்த திரை வெள்ளையாவது போதுமானதாக இருக்கிறது. வண்ணத்தில் பார்த்ததைவிட எனக்கு அது அதிகமாகவே பட்டது.

இது யாருக்குச் சரி: 25, 30 நிமிடக் குறும்படமாகச் சுருக்க விரும்புபவருக்கு. கொலை, தப்பியோட்டம், இன்ஸ்பெக்டர், பாடகி. அறிவியல் பகுதியில் பாதியை விட்டுவிட்டால் வேகம்கூடப் பெரிய குறையாகத் தெரியாது.

## மைனாரிட்டி ரிப்போர்ட்: உழைக்கத் தயாராக இருந்தால்

நடக்கப்போகும் கொலைகளை முன்கூட்டியே பிடிக்கும் பிரிவின் தலைவர், தான் செய்யப்போகும் கொலையைத் தானே திரையில் பார்க்கிறார். பிறகு ஓடுகிறார். மாட்டிக்கொண்ட மனிதனின் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கடினம்.

யானுஸ் கமின்ஸ்கி இதற்குப் பிளீச் பைபாஸ் என்ற லேப் முறையைப் பயன்படுத்தினார். பிலிமில் உள்ள வெள்ளியைக் கழுவி எடுக்காமல் விட்டுவிடுவதால் நிறம் வடியும், மாறுபாடு ஏறும், துகள் தூக்கித் தெரியும். ஆக, படம் பாதிக் கறுப்பு வெள்ளையாகவே உங்கள் கைக்கு வருகிறது. ஆனால் ஜன்னல்களும் விளக்குகளும் முற்றிலும் வெளுத்துப்போய் ஒளிர்கின்றன. வெளுத்த இடத்தில் எவ்வளவு இறக்கினாலும் உள்ளே விவரம் கிடையாது. நுவாரின் கறுப்பு கிடைக்கும், வெள்ளை மட்டும் பனிமூட்டமாகவே இருக்கும்.

நிறம் சொல்லும் கதை இங்கே ஒரே இடத்தில், ஆனால் முக்கியமான இடத்தில் இருக்கிறது. வரப்போகும் கொலையை அறிவிக்க ஒரு பந்து உருண்டு வரும்: திட்டமிட்ட கொலைக்குப் பழுப்பு மரப் பந்து, ஆத்திரத்தில் செய்யும் கொலைக்குச் சிவப்புப் பந்து. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். இதற்கு அகிரா குரோசாவாவிடம் ஒரு வழி இருக்கிறது. 1963இல் வந்த 'ஹை அண்ட் லோ' முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படம். அதில் புகைபோக்கியிலிருந்து எழும் ஒரு புகை மட்டும் இளஞ்சிவப்பு. அதே துணிச்சலோடு பந்தின் நிறத்தை மட்டும் விட்டுவைக்கலாம். செய்தால் ஒரே ஒரு ஷாட்டில் செய்யுங்கள்.

ஜான் வில்லியம்ஸின் இசை வாத்தியக்குழு இசைதான். ஹிட்ச்காக் படங்களுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனின் சாயல் அதில் கேட்கும். வைத்துக்கொள்ளலாம். பிரச்சினை 145 நிமிட நீளத்தில். 'டி.ஓ.ஏ.' 83 நிமிடம்தான். ஒரு மணி நேரம் வெட்டியாக வேண்டும். பறக்கும் துரத்தல், கார் தொழிற்சாலை, வீட்டுக்குள் நுழையும் சிலந்தி இயந்திரங்கள் போன்றவற்றை நீக்கினால் நேரம் குறையும். ஆனால் பலர் இந்தப் படத்தை நேசிப்பதே அந்தக் காட்சிகளுக்காக.

இது யாருக்குச் சரி: வெட்டும் வேலையில் ஏற்கெனவே கை தேர்ந்தவருக்கு. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

## கட்டகா: யாரும் எதிர்பார்க்காத நுவார்

இந்தப் படத்தை நினைத்தால் எல்லோருக்கும் வருவது தேன் நிறம். ஸ்லாவோமிர் இட்ஸியாக் கனமான வண்ண ஃபில்டர்களுக்குப் பேர்போன ஒளிப்பதிவாளர். படம் முழுக்க மஞ்சளும் பொன்னும் வழிகிறது. அதனாலேயே இதைக் கனவு, விடாமுயற்சி, விண்வெளி என்ற கதையாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

அந்தப் பொன்னைக் கழுவிவிட்டுப் பாருங்கள். வின்சென்ட் என்ற ஒருவன், யூஜின் என்ற இன்னொருவனின் பெயரிலும் ரத்தத்திலும் வாழ்கிறான். அவன் வேலை செய்யும் இடத்தில் மேலதிகாரி ஒருவர் கொல்லப்படுகிறார். விழுந்து கிடக்கும் ஓர் இமைமுடி அவனுடையது. கொலையை அவன் செய்யவில்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டுமானால் தான் யார் என்று சொல்ல வேண்டும், சொன்னால் வாழ்க்கை முடிந்தது. விசாரணை செய்பவர்களில் ஒருவர் அவனுடைய சொந்தத் தம்பி. இன்னொருவர் தொப்பியும் நீளக் கோட்டும் போட்ட வயதான துப்பறிவாளர் (நடிகர் ஆலன் ஆர்கின்). பின்னணிக் குரல் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்ட்ரூ நிக்கால் எதிர்காலத்தைக் காட்ட 1960களின் சிட்ரோயன், ஸ்டூடிபேக்கர் கார்களையும், ஃப்ராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த மரின் கவுன்டி கட்டடத்தையும் பயன்படுத்தினார். 1965இல் பிரெஞ்சு இயக்குநர் கோடார் 'ஆல்ஃபாவில்' எடுத்தபோது செட் போடாமல் அன்றைய பாரிசையே எதிர்காலமாக்கிய அதே வழி. கறுப்பு வெள்ளைக்கு மாறியதும் இந்தப் படம் தேதி இல்லாததாகிவிடுகிறது.

மைக்கேல் நைமனின் இசை தந்தி வாத்திய இசை. அதை அப்படியே மோனோவாக்கி (எல்லாவற்றையும் ஒரே தடமாகக் கலந்து), மேல் அதிர்வுகளைச் சுமார் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சரித்துவிட்டு, அடி பாஸைக் குறைத்தால் பழைய ஒளிவழி ஒலித்தடம்போலவே கேட்கும். இசையை மாற்ற வேண்டியதில்லை என்ற இந்த ஒன்றே உங்கள் வேலையைப் பாதியாக்குகிறது. ஷாட்களும் நிதானமானவை, சுருக்க இடமிருக்கிறது.

செலவுகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை.

மஞ்சள் கனத்த படத்தில் நீலத் தடம் ஏறக்குறைய காலி. அதில் துகளும் இரைச்சலும்தான் இருக்கும். நீலத்தைத் தூக்கினால் முகமெல்லாம் புள்ளி. சிவப்புத் தடமோ தட்டையாக, வெளுப்பாக இருக்கும். பச்சையை நம்பி, சிவப்பைச் சிறிதளவு சேர்ப்பதே பாதுகாப்பு. அப்புறம், அலுவலகக் காட்சிகள் பரந்த மென்மையான ஒளியில் இருக்கின்றன. அங்கே கத்திபோன்ற நிழல் கிடைக்காது. ஃப்ரேமின் ஓரங்களை இருட்டாக்கி, ஆள்களைச் சுற்றி மட்டும் ஒளியை விட்டு ஓரளவு சமாளிக்கலாம். சுருள் படிக்கட்டு உள்ள வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்தக் கவலை குறையும். நடக்க முடியாத யூஜின், போலீஸ் வந்து கதவைத் தட்டுவதற்குள் கைகளாலேயே தன்னை இழுத்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறும் காட்சி கறுப்பு வெள்ளையில் மூச்சை நிறுத்துகிறது.

நிறத்தால் சொன்ன ஒரு விஷயம் போய்விடும். யூஜினின் நீச்சல் பதக்கம் வெள்ளி. கடைசியில் தீயின் ஒளியில் அது பொன்னாகத் தெரியும். அந்த இழப்புக்கு மாற்று எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

முடிவும் யோசிக்க வேண்டியது. படம் நம்பிக்கையில் முடிகிறது, நுவார் அப்படி முடியாது. ராக்கெட் கிளம்புவதையும் யூஜின் எரியூட்டிக்குள் போவதையும் படம் மாற்றி மாற்றிக் காட்டுகிறது. வரிசையை மாற்றி, கடைசிப் பின்னணிக் குரலை எடுத்துவிட்டு, யூஜினோடு நிறுத்தினால் கதையின் விலை என்ன என்பது முகத்தில் அறைகிறது. ஒருவன் மேலே போக இன்னொருவன் சாம்பலாகிறான். வண்ணத்தில் இந்த மரணத்தை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். இந்த மறு எடிட்டிங்குக்கு நியாயம் வேண்டுமானால் எனக்கு இது போதும்.

## ஒரே பார்வையில்

| | பிளேட் ரன்னர் | டார்க் சிட்டி | மைனாரிட்டி ரிப்போர்ட் | கட்டகா |
|---|---|---|---|---|
| மாட்டிக்கொண்ட மனிதன் | ஓரளவு | முழுசாக | முழுசாக | முழுசாக |
| நிறம் போனால் ஒளி | மிக நன்று | பல ஷாட்களில் ஒட்டிக்கொள்ளும் | கறுப்பு நன்று, வெள்ளை வெளுப்பு | வீட்டில் நன்று, அலுவலகத்தில் தட்டை |
| நிறம் சொல்லும் கதை | குறைவு | குறைவு | பந்துகள் | பதக்கம் |
| வெட்டின் வேகம் | நிதானம் | மிக வேகம் | நடுத்தரம் | நிதானம் |
| இசையை வைத்துக்கொள்ளலாமா | கடினம் | ஓரளவு | வைக்கலாம் | வைக்கலாம் |
| பின்னணிக் குரல் | 1982 வடிவத்தில் | தேவையில்லை | இல்லை | இருக்கிறது |
| பெரிய மறைமுகச் செலவு | ஒலியை அடியிலிருந்து கட்டுவது | ஷாட் ஷாட்டாக மறைப்பு | ஒரு மணி நேரம் வெட்டுவது | நீலத் தடத்தின் இரைச்சல் |

## எந்தப் படமானாலும் வரும் செலவுகள்

ஃப்ரேமை 1.37க்கு வெட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். நான்குமே அகலத்திரைப் படங்கள். இரண்டு ஓரங்களில் இருவர் நின்று பேசும் ஷாட்டை வெட்டினால் நடுவில் இருக்கும் காலி இடம் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எந்தப் பகுதியை வைப்பது என்று தனியாக முடிவு செய்ய வேண்டும்; படத்தையும் பெரிதாக்குவதால் கூர்மை குறையும். அகலத்தை அப்படியே விட்டுவிடுவதே என் பரிந்துரை. 'ஹை அண்ட் லோ'வும் ட்ரூஃபோவின் 'ஷூட் தி பியானோ பிளேயர்' (1960) படமும் அகலத்திரையில் வந்த கறுப்பு வெள்ளைக் குற்றப் படங்கள்தான். உங்கள் படம் 1944இல் வந்ததாக இருக்க வேண்டியதில்லை, 1960இல் வந்ததாக இருக்கட்டும்.

ரிசால்வின் இலவசப் பதிப்பு பெரும்பாலான வேலைக்குப் போதும். ஆனால் இரைச்சலைக் குறைக்கும் கருவியும் பிலிம் துகள் சேர்க்கும் கருவியும் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. கட்டகாவுக்கு இரைச்சல் குறைப்பு தேவைப்படும் என்பதால் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். துகள் சேர்த்த படத்தைச் சுருக்கினால் அந்தத் துகளே கட்டம் கட்டமாக மாறும். கோப்பின் அளவைப் பெரிதாக விட வேண்டியிருக்கும்.

5.1 ஒலியை மோனோவாக்கும்போது பின் ஸ்பீக்கர்களின் ஒலி முன் ஒலியோடு மோதி சில சத்தங்கள் காணாமல் போகலாம். நடுத் தடத்தை அடிப்படையாக வைத்து, மற்றவற்றைக் குறைந்த அளவில் சேர்த்துக்கொண்டே காதால் சரிபார்க்க வேண்டும்.

பதிப்புரிமையை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்கினாலும் படம் உங்களுடையதாகாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஸ்க்கின் பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. முழுப் படத்தை இணையத்தில் ஏற்றுவதும் காசுக்குக் காட்டுவதும் கூடாது. இதை உங்கள் பயிற்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

## என் தேர்வு

முழுப் படத்தை மாற்றுவதென்றால் கட்டகா. ஒளியில் பிளேட் ரன்னருக்குப் பின்னால் நிற்கிறது, ஆனால் மாறிய பின் வேறொரு படமாகவே நிற்பது நான்கில் இது ஒன்றுதான். கையில் இருப்பது சில வார இறுதிகள் மட்டும் என்றால் டார்க் சிட்டியைக் குறும்படமாக்குங்கள். எடிட்டிங் வேண்டாம், கிரேடிங் மட்டும் பழக வேண்டும் என்றால் பிளேட் ரன்னரின் ரேச்சல் காட்சிகள். மைனாரிட்டி ரிப்போர்ட்டை இரண்டாவது படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டகாவில் முதல் நாள் தொட வேண்டியது அலுவலகக் காட்சி அல்ல. வின்சென்ட் கான்டாக்ட் லென்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு, கண் மங்கலாகத் தெரிய, வாகனங்கள் சீறிப் பாயும் சாலையைக் கடக்கும் காட்சியை எடுங்கள். முகப்பு விளக்குகள், இருட்டு, ஒரு முகம். நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை. பிரகாசத் தடத்தை மட்டும் வைத்து, ஒலியை மோனோவாக்கி ஓட்டிப் பாருங்கள். அடுத்து, அதே அமைப்பை மாற்றாமல் ஓர் அலுவலகக் காட்சியின் மேல் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்தப் படத்தில் நீங்கள் செய்ய வேண்டிய மொத்த வேலை. அது உங்களால் முடியும் என்று தோன்றினால் தொடருங்கள். மலைப்பாக இருந்தால் டார்க் சிட்டிக்கு மாறிக்கொள்ள அப்போதுகூட நேரம் இருக்கிறது.